கிராபிக்ஸ் கார்டு இல்லாத மச்சான்

ஜூலை 2, புதன்

பெரிய கோப்பைத் திறந்தால் வீட்டில் இருக்கும் இந்தப் பழைய கம்ப்யூட்டர் மாடு போல அசைபோடுகிறது. இன்று ஆலங்குடிக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழா பேனர், இருபதுக்குப் பத்தடி. எழுத்துக்கு நிழல் கொடுத்ததும் திரை உறைந்துவிட்டது. காலையிலிருந்து போட்ட வேலை போச்சு.

லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும். என் மனைவி செல்வராணியின் சீட்டுப் பணம் ஆகஸ்டில் வரும், எழுபதாயிரம். அதற்குள் அடங்க வேண்டும். அதற்குள் அடங்கி, வெற்றிசெல்வனை அடக்கவும் வேண்டும்.

கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன். ஆறுவதுபோல் தோன்றினால் எடுத்துப் படித்துக்கொள்வேன். வெற்றிசெல்வன் என் தங்கை அருணாவின் கணவன். கீழராஜ வீதியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையும் முதலும் அவனுடையவை. பதினாறு வருடம் அங்கிருந்து வெளியே போன அத்தனை டிசைனும் என்னுடையவை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன், தங்கை வீட்டுக் கடை என்று காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் உட்கார்ந்து முகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வைகாசியில் ஒருநாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, வெற்றி ஒரு பார்ட்டியிடம் சொன்னான்: "மச்சானுக்குக் கண்ணும் மங்கிருச்சு, கையும் மந்தமாயிருச்சு. டிசைனுக்குக் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு தம்பியக் கொண்டாந்திருக்கேன். மச்சான் சும்மா ஒரு பக்கமா ஒக்காந்திருப்பாரு."

ஒரு பக்கமாம். நெல்லு மூட்டையா நானு?

எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். கண்ணாடிக் கூட்டை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன். இன்றுவரை போய் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

ஜூலை 5, சனி

பிராங்க்ளின் கடைக்குப் போனேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விற்பவன், வாய் ஓயாதவன். விளம்பரத் தாளையும் விற்பவன் வாயையும் நம்பி நான் எதையும் வாங்குவதில்லை. ஒரு பென் டிரைவில் என் பழைய காதணி விழா பேனரைக் கொண்டு போயிருந்தேன். சொந்தக்காரர் அத்தனை பேர் முகமும் உள்ள ராட்சசக் கோப்பு. அதைத் திறக்கும் மிஷின் எதையும் திறக்கும்.

என் பணத்துக்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு, நான்கு ஜி.பி. இருக்கிறது. மற்றதில் தனிக் கார்டு இல்லை. பிராசசருக்குள்ளேயே ஒட்டியிருக்கும் கிராபிக்ஸ்தான், ஆனால் ராம் இரண்டு மடங்கு, திரையும் உயர்ந்த ரகம். கார்டு உள்ளதில் முகத்தைச் சுற்றிப் பின்னணியை வெட்டச் சொன்னால் கண் இமைப்பதற்குள் வெட்டுகிறது. மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டு வெட்டுகிறது. ஆனால் கார்டு உள்ளதன் திரை செத்த திரை. மயில்கழுத்துப் பட்டு அதில் பாசி பிடித்த தொட்டி மாதிரி தெரிந்தது. பெட்டியைத் திருப்பி ஓரத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். நிறங்களில் பாதியைக்கூடக் காட்டாத திரை. கார்டுக்குக் காசைக் கொட்டிவிட்டுத் திரையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

"இந்த விலைல கார்டு வேணும்னா திரை இப்புடித்தான் சார் இருக்கும். நீங்க பேனர் அடிக்கப் போறீங்களா, ராக்கெட் விடப் போறீங்களா?" என்றான் பிராங்க்ளின்.

"ரெண்டும் இல்லய்யா. ஒருத்தனக் கவுக்கப் போறேன்."

"அதுக்குத் தனி மாடல் இருக்கு சார். லோனும் உண்டு."

ஜூலை 6, ஞாயிறு

விசாரித்துவிட்டேன். வெற்றி புதிதாக இறக்கியிருக்கும் மிஷினில் கார்டு எட்டு ஜி.பி. நான் நான்கோடு போய் நிற்பதா?

ஜூலை 11, வெள்ளி

காலையில் அருணா போன் செய்தாள். அவள் மகள் சுடர்விழி பெரியவளாகிவிட்டாளாம். "அண்ணே, ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன். இன்னும் அவுக வீட்டு ஆளுகளுக்குக்கூடச் சொல்லல. அண்ணியக் கூட்டிக்கிட்டு வா, மொதத் தண்ணி அண்ணிதான் ஊத்தணும்."

செல்வராணியைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். நான் போகவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவள், "புள்ள, மாமா வரலியான்னு ரெண்டு தடவ கேட்டா," என்றாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க ஒங்க மாப்ளயப் பாக்கவா போகணும்? அந்தப் புள்ளயப் பாக்கப் போயிருக்கலாம்ல?"

"அவன் வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்."

"அது ஒங்க தங்கச்சி வீட்டு வாசப்படியுந்தான்."

இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

யோசித்துப் பார்த்தால், கார்டு எனக்கு எதற்கு? உணர்ச்சிவசப்படாமல் எழுதிப் பார்க்கிறேன். பிளக்ஸ், பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் அசையாத வேலை. கோரலும் போட்டோஷாப்பும் விழுங்குவது ராமை, கார்டை அல்ல. பின்னணி வெட்டுவது கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் ராம் தாராளமாக வேண்டும். அதையும் ஒரே பட்டையாகப் போடாமல் இரண்டு பட்டையாகப் போட்டால் வழி அகலமாகும்.

கார்டு உண்மையில் தேவைப்படுவது அசையும் வேலைக்கு. முப்பரிமாணத்தில் சுழலும் எழுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வீடியோ பத்திரிகை, மண்டபத்து மேடைக்குப் பின்னால் நிறுத்துகிற எல்.இ.டி. சுவர். அதில்தான் வெற்றி இப்போது காசு பார்க்கிறான். ஆக, வேலைக்கு வேண்டாத கார்டு அவனைத் தோற்கடிக்க மட்டும் வேண்டும்.

தெரிகிறது. தெரிந்தும் கார்டுதான் வேண்டும் என்கிறது மனசு.

அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது: முகவரிசை. நம் பக்கத்து விசேஷ பேனரில் மேல் வரிசை இறந்தவர்களுக்கு. ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு விளக்கு. நடுவில் பிள்ளை, பிள்ளைக்கு வலப்புறம் தாய்மாமன். அதன்பின் பங்காளிகள் வயதுப்படி, அதற்கும் கீழே சம்பந்தி வகையறா. யார் முகம் யார் முகத்தைவிட ஒரு விரல்கடை பெரிதாக இருக்க வேண்டும், யாரை யார் பக்கத்தில் போட்டால் கல்யாணப் பந்தியில் இலையைத் தூக்கி எறிவார்கள் — இந்த ஜில்லாவில் பாதி வீட்டுக்கு எனக்கு மனப்பாடம். அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி எழிலரசனுக்கு என்ன தெரியும்? ஒருநாள் சறுக்குவான். அன்றைக்கு நான் தயாராக இருக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

தபால் நிலையத்தில் கல்லூரியில் கூடப் படித்தவனைப் பார்த்தேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் என் கோட்டோவியத்தைத் தன்னுடையது என்று காட்டி மதிப்பெண் வாங்கியவன். அவனுக்கு மறந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று பிராங்க்ளின் அழைத்தான். கார்டு உள்ளதற்கு ஆடித் தள்ளுபடி, என் எழுபதுக்குள் சரியாக வந்து உட்காருகிறதாம், மிச்சம் ஒரு ரூபாய் இருக்காதாம். "சீட்டு வரட்டும்" என்றேன். ஆனால் மனதுக்குள் வாங்கியாகிவிட்டது.

வீட்டில் சொன்னதும் செல்வராணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள். "மொத்தத்தையும் அதுல போட்டுட்டா ஆவணில புள்ளைக்குச் சீரு? தாய்மாமன் வெறுங்கையோட போயி நிப்பீங்களா?"

"ஒரு சேலை, ஒரு மாலை. அதுக்கு மேல அவன் வீட்டுக்கு ஒரு தேங்காய்கூடப் போகாது."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என்னயப் பாத்துச் சிரிச்சப்ப எல்லாருக்கும் இனிச்சுச்சுல்ல?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சீட்டுப் பணம் வந்தது. இன்னும் கடைக்குப் போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் இன்று ஒருமுறைகூட நிற்கவில்லை. பயந்துவிட்டதோ.

ஆகஸ்ட் 18, திங்கள்

அருணா பத்திரிகையோடு வந்தாள், தனியாக. மஞ்சள் நீராட்டு விழா 29ஆம் தேதி, வல்லத்திராக்கோட்டையில், அவன் சொந்த ஊரில். தாய்மாமனை அழைக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவன். வெற்றிலைபாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வர வேண்டும்.

"அவன் எங்க?"

"எல்.இ.டி. செவரு ஒண்ணு மாட்ட விராலிமலைக்குப் போயிருக்காக அண்ணே. நானே போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"தாய்மாமன் வீடு போற வழில இல்லயோ?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் அண்ணே அரைபடுறேன். அங்கிட்டுப் பேசுனா அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுறேங்கிறாக, இங்கிட்டு வந்தா அவனுக்குப் பரிஞ்சு வந்தியாங்கிற. நீ வந்து நின்னாத்தான் புள்ளைக்குத் தண்ணி ஊத்துவோம். வரலேன்னா அது அப்புடியே ஒக்காந்திருக்கட்டும்."

தட்டை வாங்கிக்கொண்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

செத்துப்போய்விட்டேன்.

காலையில் நாகராசு மாமா போன். வெற்றிக்குச் சித்தப்பா முறை, வல்லத்திராக்கோட்டையிலேயே இருப்பவர். "மாப்ளே, நல்லாருக்கியா?" என்றார். நல்லா இருக்கேன் மாமா என்றேன். "இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" ஒண்ணுமில்ல மாமா, ஏன்? கொஞ்ச நேரம் இருமினார். "ஒண்ணுமில்ல… ரோட்டு முக்கத்துல விசேஷத்துக்கு பிளக்ஸ் வச்சிருக்காய்ங்க. அதுல ஒன்னய மேல் வரிசைல போட்டு வெளக்கு ஏத்தி விட்டிருக்காய்ங்க. அதான் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தேன். என் அப்பா, என் அம்மா, இருவருக்கும் நடுவில் நான், சிரித்தபடி. கீழே அகல் விளக்கு. அதற்கும் கீழே, 'மறைந்தும் எங்கள் நெஞ்சில் நிறைந்த'. பிள்ளைக்கு வலப்புறம், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பூச்சாடி.

பஸ்ஸுக்கு நின்ற ராக்காயி என்ற கிழவி என்னையும் பிளக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப் பாவிகளா, இந்தா உசுரோட நிக்கிறாரே மனுசன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையே வெளியே வந்துவிட்டது. ஒருவன் செல்போனில் படம் எடுத்தான் — என்னையும் சேர்த்து.

வீடு திரும்பும்போது வெற்றி கூப்பிட்டான். "மச்சான், தப்பு நடந்துபோச்சு. ஒங்க குடும்பத்துப் படம் மூணும் ஒரே போல்டர்ல இருந்திருக்கு. ஒங்க படம் மட்டும் கறுப்பு வெள்ளயா இருக்கவும் எழிலரசன் தப்பா நெனைச்சுட்டான். கழட்டச் சொல்லிட்டேன்."

அந்தக் கறுப்பு வெள்ளை நானே வெளிச்சம் அமைத்து எடுத்தது. நல்ல படம். அதைப் பார்த்தால் செத்தவன் மாதிரியா இருக்கிறது?

"தெரியாமப் போட்டியா, தெரிஞ்சு போட்டியா?"

"சத்தியமா மச்சான், சொந்த மகள் விசேஷத்துல யாராச்சும்—"

போனை வைத்துவிட்டேன். அவன் பிளக்ஸ் ஏறுமுன் பார்க்கவில்லையா? பதினாறு வருஷமா நான் ஒரு முகம் மாத்தி வச்சிருக்கனா? ஒரு முகம்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிளக்ஸுக்குக் கீழே நான் நிற்கிறேன், மேலே சிரிக்கிறேன். சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் பெயரெல்லாம் நினைவில் இருக்கிறது.

பதில் தெரிந்துவிட்டது. அதே முக்கத்தில், எதிரே, என் பிளக்ஸ். அவன் பெற்ற பிள்ளைக்குத் தாய்மாமனின் வாழ்த்து. யாரும் தடுக்க முடியாது. மேல் வரிசையில் அவன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிராங்க்ளின் கடை திறந்ததும் போனேன். ரெண்டு மிஷினையும் எடுத்து வை, ஒரு முழு வேலை போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றேன். என்ன வேலை என்று சொல்லவில்லை.

கார்டு உள்ளதில் தொடங்கினேன். சுடர்விழி நடுவில். வலப்புறம் நான், ஆளுயரத்துக்கு, கலரில். இடப்புறம் அருணா. வெற்றியின் கல்யாணப் படத்திலிருந்து தலையை வெட்டினேன், ஒரு சொடுக்குதான். தங்க எழுத்து சுழன்று வந்து நின்றது. அவனை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். விளக்கு. 'மறைந்தும்'. இரண்டு நாளுக்குப் பிறகு பசி எடுத்தது. டீயும் வடையும் சொல்லிச் சாப்பிட்டேன்.

பிறகு அதே கோப்பை மற்ற மிஷினில் திறந்தேன். கொஞ்சம் தயங்கித் திறந்தது. நிறம் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தது. கடைசிக் கை வேலைகளை அதில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் ஒருவர் மேல் வரிசைக்குப் போனால், கீழே அவர் மனைவி படத்தைத் தொட வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமே செய்துவிட வேண்டும். பொட்டை எடுத்துவிட்டு, பக்கத்துத் தோல் நிறத்தை இழுத்து அங்கே பூசுவது. தலையில் பூ இருந்தால் அதையும் எடுப்பது. எத்தனை நெற்றியைத் துடைத்திருப்பேன், கை யோசிப்பதே இல்லை. இன்றும் யோசிக்கவில்லை. வெற்றியை மேலே ஏற்றியதும் கை தானாக அருணாவின் நெற்றிக்குப் போய், பெரிதாக்கி, துடைக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் திரையில் குங்குமம் குங்குமமாகவே இருந்தது. பாதி போய்விட்டது. பாதிப் பொட்டோடு என் தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பின்னால் பிராங்க்ளின். "யாரு சார் மேல? வெற்றி அண்ணனா? ஐயையோ, எப்ப சார்?"

"இல்லய்யா. நல்லாத்தான் இருக்கான்." மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "நாசமாப் போறவன், நல்லா இருக்கட்டும்."

மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். பக்கத்து மிஷினில் இருந்ததையும் அழித்தேன். அழிக்குமுன் பார்த்தேன். அந்தச் செத்த திரையில் பொட்டு நெற்றியோடு ஒட்டி, இருப்பதும் தெரியாமல் இல்லாததும் தெரியாமல் கிடந்தது. அதிலேயே முடித்திருந்தால் துடைத்ததுகூடத் தெரிந்திருக்காது. நேரே அச்சுக்குப் போயிருப்பேன்.

"இதையே போடு," என்றேன், கார்டு இல்லாததைக் காட்டி. "ராம ரெண்டு பட்டையாப் போட்டுக் குடு."

"அப்ப அந்த ஆளக் கவுக்க வேண்டாமா சார்?"

"அதுக்குக் கார்டு வேண்டாம்."

வேண்டாம்தான். கடைப்படி இறங்கும்போதே வேறு வழி தோன்றிவிட்டது. கார்டு இல்லாதது விலை குறைவு, கையில் மிச்சப் பணமும் இருந்தது. நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ராட்சசக் கோப்பு புது மிஷினில் ஒருமுறைகூட நிற்கவில்லை. செல்வராணி பட்டுப்பாவாடையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லதா?" என்றாள். அவனுக்கு வலிக்கிற அளவுக்கு நல்லது என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும்.

வேன் பிடித்து, ஊரே பார்க்கும்படி தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனோம். பழமும் பலகாரமும், கண்ணாடி வளையலும், பட்டும், மேலே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும். தாய்மாமன் சீர் ஊர் எல்லையில் நிற்கும். மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள். நான் அந்த முக்கத்திலேயே வேனை நிறுத்தினேன். பிளக்ஸைக் கழற்றிவிட்டார்கள், சவுக்குக் கம்பு மட்டும் நின்றது. அதன் கீழே போய் நின்றேன்.

மேளம் வந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். நான் நகரவில்லை.

"மாப்ளே, வா போவோம்," என்றார் நாகராசு மாமா.

"புள்ளயப் பெத்தவரு வரட்டும் மாமா."

"அவன் அங்கிட்டுப் பந்தி வேலைல நிக்கிறான்ப்பா. புள்ளைக்குத் தண்ணி ஊத்துற நேரம் தப்புது."

"செத்தவனுக்கு நேரம் ஏது மாமா?"

மேளக்காரர்கள் ஒரு சுற்று முடித்து, இன்னொரு சுற்றும் முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைக் கும்பல் முழுக்க ரோட்டில். கடைசியில் வந்தான். புது வேட்டி, காலில் செருப்பில்லை. ஆவணி வெயிலில் தார் எப்படிக் கொதிக்கும்! ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நின்றான்.

"வாங்க மச்சான், எல்லாரும் பாக்குறாங்க," என்றான் மெதுவாக.

"பாக்கட்டும். உசுரோட இருக்கேன்னு நல்லாப் பாத்துக்கிடட்டும்."

"மன்னிச்சுக்கங்க மச்சான்."

"எனக்குக் கண்ணும் மங்கி, காதும் மந்தமாயிருச்சு மாப்ளே. சத்தமாச் சொல்லு."

கண் சிவந்துவிட்டது அவனுக்கு. ஆனாலும் இரண்டு கையையும் கூப்பி, ரோடு முழுக்கக் கேட்கச் சொன்னான்: "மன்னிச்சுக்கங்க மச்சான்! நீங்க வந்தாத்தான் விசேஷம்!"

மேளம் எழுந்தது. நடந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது.

பந்தலில் சுடர்விழி என்னைக் கண்டதும், "எவ்ளோ நேரம் மாமா, பசிக்குது," என்றாள். முதல் மாலை நான் போட்டேன். பந்தியில் அருணா என் இலையில் அதிரசத்தை ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டுப் போனாள்.

மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர். அதில் தாய்மாமன் என்று என் படம் சுழன்று வந்தது, கலரில், தங்கத்துகள் கொட்ட. அந்த எட்டு ஜி.பி.யின் வேலை. என் மூஞ்சி கொஞ்சம் சிவப்பாக இருந்தது. மற்றபடி குறை சொல்ல முடியவில்லை. எழிலரசன் வேலை தெரிந்தவன்தான். எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் மச்சுவாடி வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். இன்று இரண்டாவது நாற்காலிக்கு ஆள் வந்தது. வெற்றிசெல்வன், பென் டிரைவோடு.

"வாங்க," என்றேன். மாப்பிள்ளை என்று சேர்க்கவில்லை. கடைக்கு வருகிறவனை அப்படித்தானே கூப்பிட வேண்டும்.

விராலிமலைப் பக்கத்து வீட்டுக் காதணி விழா. அந்த வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவி, இரண்டு பக்கமும் பிள்ளைகள், ஒரே மேடை, ஆக இரண்டு தாய்மாமன். போன தடவை பட்டதற்குப் பிறகு எழிலரசன் அதைத் தொடமாட்டேன் என்கிறானாம். "முகவரிசை மட்டும் போட்டுக் குடுங்க மச்சான். அச்சு நான் பாத்துக்கிடுறேன். வாரத்துக்கு நாலஞ்சு வரும், எல்லாத்தையும் ஒங்ககிட்டயே அனுப்புறேன்."

கடைக்கு வர மாட்டேன் என்றேன். "வர வேணாம். இங்கயே இருங்க," என்றான். என் கூலியைச் சொன்னேன், அவன் கொடுத்து வந்ததைப்போல் இரண்டு மடங்கு. முகத்தைச் சுளித்துவிட்டு ஒத்துக்கொண்டான். காத்திருக்கச் சொன்னேன். உட்கார்ந்திருந்தான், ஒரு பக்கமாக. நான் டீ சொல்லவில்லை. செல்வராணி கொண்டு வந்து வைத்துவிட்டாள்.

மிஷினை எட்டிப் பார்த்தான். "கார்டு இல்லாததா எடுத்தீங்க? ஏன் மச்சான், என்கிட்டக் கேட்டிருந்தா—"

"வேலைக்கு இது போதும்."

இரண்டு மாமன்களையும் இரண்டு பக்கம் ஒரே உயரத்தில் நிறுத்தி, மூத்தவள் அண்ணனின் தலைப்பாகையை மட்டும் ஒரு விரல்கடை ஏற்றினேன். யாரும் குறை சொல்ல முடியாது. அவன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாகக் கீழ் மூலைக்கு வந்தேன், டிசைன் போட்டவர் பெயர் வருகிற இடத்துக்கு. பதினாறு வருடம் அங்கே அவன் கடைப் பெயரைத்தான் போட்டேன். இன்று என் பெயரையும் என் நம்பரையும் அடித்தேன்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "மச்சான்… நம்பரு கொஞ்சம் பெருசாத் தெரியுதோ?"

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.